சித்தியோடு ஒரு காலைப் பொழுது

2024 பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனபோது சித்தியைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கூட்டிப் போவது என்ற முடிவோடுதான் போனேன். ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் ஊர். சித்திக்கு 51 வயது, ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்?" என்றார். அதுதான் எனக்குப் பயமே. இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமி உள்ளே தங்கிப் புற்றாக மாறப் பத்துப் பதினைந்து வருடம்கூட ஆகும். அதுவரை வலியே இருக்காது.

சித்தியின் மனத்தை மாற்றியது நான் இல்லை, பெரியம்மா. "அம்பிளிக்கை ஆஸ்பத்திரியிலிருந்து நர்சுங்க வந்து எங்களையெல்லாம் பார்த்தாங்களே, மறந்துட்டியா?" என்று கேட்டார். 2000இல் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் தொடங்கிய பெரிய ஆய்வு அது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை, பயிற்சி பெற்ற நர்சுகளே பரிசோதித்தார்கள். அந்த ஒரே ஒரு பரிசோதனையால் இந்நோயில் இறப்பவர்கள் 35 சதவீதம் குறைந்தார்கள் என்று 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நம் ஊர்ப் பெண்கள் உலகத்துக்கே காட்டிய வழி. எனக்கு இதில் அத்தனை பெருமை.

சரி, மறுநாள் காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். பணம் எதுவும் கேட்கவில்லை. நர்ஸ் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவினார், வினிகரில் இருப்பதுதான். ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தால் மேல் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். சித்திக்கு எதுவும் இல்லை. "இவ்வளவுதானா?" என்று கேட்டபடியே வெளியே வந்தார்.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். மறைப்புத் திரை பாதிதான் மறைத்தது. ஏற்கெனவே கூச்சத்தோடு வருகிற பெண்களுக்கு முழுத் திரை ஒன்று வேண்டாமா?

தம்பி மகளுக்கு 13 வயது. சிங்கப்பூரில் 2019இலிருந்து உயர்நிலை முதலாம் ஆண்டில் படிக்கும் பெண்களுக்குப் பள்ளியிலேயே இலவசமாக எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். என் மகளுக்கும் அப்படித்தான் கிடைத்தது. ஊரில் தம்பி மகளுக்குத் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டித்தான் போட்டோம், புனே சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் செர்வாவாக். இந்த வயதில் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி போதும். ஊசி போட்டாலும் முப்பது வயதுக்கு மேல் பரிசோதனை உண்டு என்று தம்பி மனைவியிடம் இரண்டு முறை சொன்னேன். அவளுக்கு 38 வயது. அடுத்த வாரமே சித்தி அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

இரண்டாவது ஊசி ஆடி பிறந்ததும். அன்று காலை நானே போன் செய்து நினைவுபடுத்துவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.