வயலுக்கு ஒரு காற்று, வீதிக்கு ஒரு காற்று

சம்மாந்துறை வயல் வட்டைகளில் உழவுக்கு இறங்கும் உழவு இயந்திரத்தின் பின் ரயர்களில் ஏறத்தாழ 12 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அழுத்த அளவு) காற்றை வைத்தால், ரயர் சற்றுத் தட்டையாகி அகலமாகப் பதிவதால், சில்லு வழுக்குவதும் மண் இறுகுவதும் குறைகின்றன. சில்லுத் தடத்தில் குதிகாலை ஊன்றிப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். அதே காற்றுடன் நெல் மூடைகள் ஏற்றிய பெட்டியை அக்கரைப்பற்று வீதியில் வேகமாக இழுத்தால், ரயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறி விரைவில் பழுதாகும். வீதிக்கு, ரயர் தயாரிப்பாளரின் சுமை அட்டவணைப்படி, 20 பி.எஸ்.ஐ. அல்லது அதற்கு மேலும் தேவைப்படலாம். அந்த இறுக்கத்துடன் ஈர வயலில் இறங்கினால் சில்லு ஆழப் புதையும். அடிக்கடி காற்று மாற்றச் சோம்பல்படுவோர் (நானும் அவர்களில் ஒருவன்) வீதிக் காற்றையே வைத்திருப்பது பாதுகாப்பானது. எதுவானாலும் ரயர் குளிர்ந்திருக்கும் காலையிலேயே அளக்க வேண்டும். ஓடிச் சூடானபின் கூடித் தெரியும் காற்றை இறக்கிவிடக்கூடாது.