ஏஎம்எச் குறைவு என்றதும் பேக்கேஜ் நீட்டும் மையங்கள்: கவனம் தேவை

சென்னையில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் எனக்கு நடந்தது இது. முட்டை இருப்பு குறைவு என்று சொல்லப்பட்ட பெண்கள் பணம் கட்டும் முன் படியுங்கள்.

எனக்கு வயது 39, முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனையில் அளவு 0.6. ரிப்போர்ட்டைப் பார்த்த கவுன்சலர், "எங்க சக்சஸ் ரேட் 70 பர்சென்ட், கவலையே வேண்டாம் மேடம்" என்றார். அந்த 70 எப்படி வந்தது என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. கரு வைக்கும் கட்டம் வரை வந்தவர்களை மட்டும் எண்ணியிருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றாலே வெற்றிதான், பிறகு கலைந்தாலும் சரி. இளம்பெண்களும் தானமுட்டையில் கருத்தரித்தவர்களும் அதே கணக்கில். எங்களைப் போன்ற பலருக்கு வைப்பதற்குக் கருவே தேறாது. அவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

முட்டையை வளர்க்கும் ஹார்மோன் ஊசியை 450 யூனிட் வரை ஏற்றினார்கள். கிடைத்தது இரண்டு முட்டை. இப்படிக் குறைவாக முட்டை வருபவர்களுக்கு 300 யூனிட்டுக்கு மேல் போவதை ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. சினைப்பையில் அந்த மாதம் இருப்பதைத்தான் ஊசி வளர்க்கும், இல்லாததை உண்டாக்காது. அப்புறம் 'சினைப்பைக்குப் புத்துயிர்' என்று பிஆர்பி ஊசி (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் பிளேட்லெட் நிறைந்த பிளாஸ்மா), அதற்குத் தனி பில். பலன் உறுதியாக நிரூபிக்கப்படாத சிகிச்சை அது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று. ஏஎம்எச் காட்டுவது எண்ணிக்கையை. தரத்தைப் பெரும்பாலும் வயதுதான் தீர்மானிக்கிறது. அதே 0.6 உள்ள 30 வயதுப் பெண்ணுக்குக் கிடைப்பது சில முட்டைகள்தான் என்றாலும் அவற்றில் நல்லது இருக்க வாய்ப்பு அதிகம். 39இல் குரோமோசோம் கோளாறு கூடிவிடும். குறைவாக முட்டை வருபவர்களை வகைப்படுத்த 2016இல் மருத்துவர்கள் கொண்டுவந்த பொசைடன் வகைப்பாடு, 35 வயதை வைத்து அவர்களைத் தனித்தனியாகப் பிரிப்பது அதனால்தான். இதை முதல் நாளே சொல்லியிருந்தால், நகையை விற்று எவ்வளவு தூரம் போவது என்பதை நானும் கணவரும் தெளிவோடு முடிவு செய்திருப்போம்.

கருத்தரிப்பு மையங்களை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெற்றி வாய்ப்பை விளக்கி ஆலோசனை தருவது மையத்தின் கடமை. குறைதீர்ப்புப் பிரிவும் இருக்க வேண்டும். ஃபைல் கேட்டபோது பில்லை மட்டும் நீட்டினார்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்ற விதியைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் வந்தது. பிஆர்பிக்கு ஒப்புதல் படிவமே அதில் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம்.

எங்கே போனாலும் இதைக் கேளுங்கள்: "என் வயதில், என் ஏஎம்எச் அளவில், ஊசி ஆரம்பித்த 100 பேரில் எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.