எனெம் தாளா, ஃபுவெஸ்ட் தாளா: ஆங்கில வாசிப்புப் பயிற்சிக்கு எது முதலில்?

பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான பிரேசிலின் தேசியத் தேர்வான எனெமில் ஆங்கிலத்துக்கு 5 கேள்விகள்தான். கார்ட்டூன், விளம்பரம், கவிதை என ஆங்கிலப் பகுதிகள் குட்டையானவை. கேள்வியும் 5 விடைகளும் போர்ச்சுகீசில் இருக்கும். எனவே கேள்வியை முதலில் படியுங்கள். ஒன்றுக்கு 3 நிமிடம் போதும்.

சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்துக்கான நுழைவுத் தேர்வான ஃபுவெஸ்டில் பெரும்பாலும் நீண்ட பத்திரிகைக் கட்டுரைகள். ஒரே கட்டுரையில் பல கேள்விகள் வரலாம். பத்திவாரியாகக் கருத்தை ஓரத்தில் குறித்தால்தான் பிடிபடும்.

இரண்டிலும் சறுக்குவது ஒரே இடத்தில்: போலி ஒற்றுமைச் சொற்கள், அதாவது இரு மொழிகளில் ஒன்றுபோலத் தோன்றி வேறு பொருள் தருபவை. ஆங்கிலத்தின் 'பிரிடெண்ட்' என்றால் நடிப்பது. போர்ச்சுகீசின் 'பிரெடென்டேர்' என்றால் எண்ணம் கொள்வது. இவற்றுக்குத் தனிக் குறிப்பேடு அவசியம்.

தொடக்கநிலையினர் எனெம் தாள்களையே எடுக்கலாம். எளிய கேள்விகளில் தவறி, கடினமானவற்றில் சரியானால் அதன் மதிப்பீட்டு முறை அதை ஊகமாகக் கருதி மதிப்பெண்ணைக் குறைக்கும். ஆகவே எளியவற்றைத் தவறவிடாமல் பழகுங்கள்.