பழைய லேசர் கட்டரும் ஆட்டோகேட் கோப்புகளும்: ஆறு ஆண்டு அனுபவம்

எங்கள் பட்டறையில் இருப்பது 60 வாட் லேசர் கட்டர், இன்னொருவரிடமிருந்து கைமாறி வந்தது. கூடவே வந்த மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பி கணினியில்தான் ஓடும், அதுவும் டாங்கிள் (உரிமத்துக்கான யுஎஸ்பி போன்ற சிறு சாவி) செருகியிருந்தால் மட்டும். அக்ரிலிக் பெயர்ப்பலகை, எம்டிஎஃப் (மரத்தூள் அட்டை) ஜாலி, கட்டடக்கலை மாணவர்களின் மாடல் என்று ஆறு ஆண்டாக எல்லாமே இதில்தான். லேசர் குழாயும் லென்ஸும் நன்றாக உழைக்கும்போது, இன்றைய ஆட்டோகேட் கோப்பு அந்தப் பழைய மென்பொருளில் திறக்கவில்லை என்பதற்காக இயந்திரத்தை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் ஆண்டில், ஆட்டோகேடின் பழைய பதிப்பாகச் சேமித்துக் கொடுத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். ஒரு மாணவி மலைச்சரிவு மாடலுக்கான கான்டூர் (சம உயரக் கோடு) வரைபடம் கொண்டுவந்தார். வேறு மென்பொருள்களும் படிக்கிற டிஎக்ஸ்எஃப் வடிவில், ஆர்12 பதிப்பாகச் சேமித்தேன், திறந்தது. ஆனால் வெட்டும்போது வளைவுகளில் எல்லாம் லேசர் தலை நடுங்கியது. 3 மி.மீ. பிளைவுட்டின் ஓரம் ரம்பப் பல் போல வந்தது, சில கோடுகளில் இரண்டு முறை ஓடிக் கருகியது. மறுநாள் அவருக்கு ரிவ்யூ. புதுப் பலகை வாங்கி இரவெல்லாம் திரும்ப வெட்டிக் கொடுத்தோம்.

ஆர்12 என்பது 1992இல் வந்த ஆட்டோகேட் பதிப்பு. ஸ்ப்லைன் (வழுவழுப்பான வளைகோடு), எலிப்ஸ் (நீள்வட்டம்) இரண்டும் அதற்கடுத்த ஆர்13இல்தான் வந்தன. இன்று பாலிலைன் (ஒரே உருவமாக இணைந்த தொடர்கோடு) வரைந்தால் கோப்பில் பதிவாகிற எளிய வகை ஆர்14இல் வந்தது. எங்கள் மென்பொருள் தனக்குத் தெரியாத உருவத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். திரையில் படம் முழுசாகத் தெரியும், இரண்டு நீள்வட்டத் துளைகள் மட்டும் இருக்காது. கோப்பே திறக்காமல் போவதைவிட இது ஆபத்து. எந்தப் பதிப்பு என்று சந்தேகம் வந்தால் டிஎக்ஸ்எஃப் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். மேலேயே ஏசி1009 என்று இருந்தால் ஆர்12, ஏசி1032 என்றால் 2018.

அந்த மாடலில் தலை நடுங்கியதற்குக் காரணம், ஸ்ப்லைன்கள் ஆர்12க்குப் போகும்போது நூற்றுக்கணக்கான குட்டி நேர்கோடுகளாக உடைந்ததுதான். இயந்திரத்தை ஓட்டும் பழைய கன்ட்ரோலர் ஒவ்வொரு முனையிலும் வேகத்தைக் குறைத்துத் திரும்ப எடுக்கிறது, குறைகிற இடத்தில் சூடு ஏறுகிறது. ஆனால் ஆர்12க்கு வட்டவில் நன்றாகத் தெரியும். அதனால் ஸ்ப்லைனை நேர்கோடாக விடாமல் வில்லாக மாற்றிவிட வேண்டும். ஆட்டோகேடில் பிளைன்கன்வர்ட்மோட் என்ற அமைப்பை 1 ஆக்கி, பிஎடிட் கட்டளையில் ஸ்ப்லைனைத் தேர்ந்தெடுத்தால் வில்களால் ஆன பாலிலைன் கிடைக்கும். துல்லியம் கேட்கும்போது 10 போதும். 99 கொடுத்தால் துண்டுகள் பெருகி நடுக்கம் திரும்ப வந்துவிடும். ஆறு ஆண்டில் கற்றதில் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

கான்டூர் கோடுகளில் இன்னொன்று: ஒவ்வொன்றும் தனக்கான உயரத்தில் வரையப்பட்டிருக்கும். முதலில் ஃப்ளாட்டன் கட்டளை கொடுத்து எல்லாவற்றையும் பூஜ்ஜிய உயரத்துக்கு இறக்கிவிடுகிறேன். அப்புறம் பிஎடிட். கடைசியில் ஓவர்கில் கட்டளை, ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் கோடுகளை அதுதான் நீக்கும். பிளைவுட் கருகியதற்கு அந்த இரட்டைக் கோடுகள்தான் காரணம்.

அளவு விஷயத்தில் ஒருமுறை அடிபட்டால் மறக்காது. ஆர்12 கோப்பில் அலகு எது என்ற தகவலே கிடையாது. மில்லிமீட்டரை அங்குலமாகப் படித்தால் படம் 25.4 மடங்கு பெரிதாகும், அது உடனே கண்ணில் படும். பிளாட்டர்களுக்கான பிஎல்டி கோப்பில் வருகிற பிழைதான் கண்ணை ஏமாற்றும். அதில் ஓர் அலகு 0.025 மி.மீ., அதாவது ஓர் அங்குலத்துக்கு 1016. படிக்கிற மென்பொருள் அதை 1000 என்று எடுத்துக்கொண்டால் 300 மி.மீ. பெட்டி 304.8 ஆக வெளியே வரும். இதற்காகவே எந்தக் கோப்பானாலும் மூலையில் தனி லேயரில் 50 மி.மீ. சதுரம் ஒன்று வரைகிறேன். வெட்டும் கணினியில் திறந்ததும் முதலில் அதைத்தான் அளப்பேன். சரியாக இருந்தால் அழித்துவிட்டு வேலையைத் தொடங்குவேன். பிஎல்டியில் வளைவுகள் எப்படியும் குட்டிக் கோடுகளாகத்தான் போகும் என்பதால், டிஎக்ஸ்எஃப் கைவிட்டால் மட்டுமே அந்தப் பக்கம் போகிறேன்.

ஆட்டோகேட் இல்லாதவர்கள் அதன் சொந்த வடிவமான டிடபிள்யூஜி கோப்பை ஆர்12 டிஎக்ஸ்எஃப் ஆக்க ஓடிஏ ஃபைல் கன்வர்ட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. பதிப்பை மாற்ற அது போதும். ஸ்ப்லைன்களை முன்னதாகவே சரிசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயர்ப்பலகைக்குத் தமிழ் எழுத்தை எழுத்தாகவே அனுப்பினால் இந்த மென்பொருளில் கேள்விக்குறிகள்தான் வரும். கோரல்டிரா வரைமென்பொருளில் கர்வாக, அதாவது வெறும் வெளிக்கோடாக, மாற்றுகிறோம். அதோடு முடிவதில்லை. சில எழுத்துருக்களில் கி, கு போன்றவற்றின் இகர, உகரக் குறிகள் தனி உருவமாக எழுத்தின்மேல் ஏறி நிற்கும், லேசர் அந்தச் சந்திப்பின் குறுக்கே வெட்டிவிடும். கர்வாக்கியதும் ஒவ்வொரு எழுத்தையும் வெல்ட் செய்து (துண்டுகளை ஒரே உருவமாக இணைத்து), திரையில் வெறும் கோடாக வைத்துப் பார்த்த பிறகே கோப்பை வெளியே எடுக்கிறேன். கோப்பின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில், எட்டு எழுத்துக்குள். தமிழில் பெயர் வைத்தால் எங்கள் மென்பொருள் திறக்காது.

சென்ற மாதம் இன்னொரு மலைச்சரிவு மாடல் வந்தது, பதினான்கு அடுக்கு. கோப்பைத் தயார் செய்ய அரை மணி நேரம் ஆனது. ஒரு பலகைகூட வீணாகவில்லை, ஓரங்களை உப்புத்தாள் போடாமலே ஒட்டினார்கள்.