5 மில்லிகிராம் மெலடோனின் மாத்திரை: லேபிளில் இருப்பதும் இல்லாததும்

நள்ளிரவு தாண்டியும் உறக்கம் பிடிக்காத நாட்கள் தொடர்ந்ததால், மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கப்படும் 5 மில்லிகிராம் மெலடோனின் மாத்திரையைப் பத்து நாள் உட்கொண்டேன். வழக்கத்தைவிடச் சற்று முன்னதாக உறங்கினேன்; மறுநாள் முற்பகல்வரை தலை பாரமாகவும் இருந்தது. இம்மதிப்புரை பெரும்பாலும் புட்டியின் லேபிளைப் பற்றியது, ஏனெனில் வாங்குபவர் முதலில் அறிய வேண்டியவை அதில் இல்லை.

'ஆழ்ந்த உறக்கம்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். மெலடோனின், இருட்டியதும் மூளையின் பினியல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன். இரவாகிவிட்டது என்று உடலுக்கு அறிவிப்பதே அதன் வேலை, ஆளை மயக்குவதன்று. 19 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான பகுப்பாய்வின்படி, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட மெலடோனின் எடுத்தவர்கள் சராசரியாக ஏழு நிமிடமே முன்னதாக உறங்கினார்கள். நெடுந்தூர விமானப் பயணத்தால் உறக்க நேரம் குழம்பியவர்களுக்கு இது பயன்படும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு வேண்டாம் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அகாதெமி 2017இல் பரிந்துரைத்தது. அழுத்தமான பரிந்துரை அன்று என்றாலும், என் சிக்கல் அந்த வகைதான்.

அடுத்து, 5 என்ற அந்த எண். கனடாவில் விற்பனையான 31 தயாரிப்புகளைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், குறிப்பிட்ட அளவைவிட 83 விழுக்காடு குறைந்ததும் இருந்தது, 478 விழுக்காடு மிகுந்ததும் இருந்தது. எட்டுத் தயாரிப்புகளில், நரம்புச் செய்திகளைக் கடத்தும் வேறொரு வேதிப்பொருளான செரடோனின் கலந்திருந்தது. அமெரிக்காவில் விற்பனையான, மெலடோனின் கலந்த 25 'கம்மி' (மென்று தின்னும் ஜெல்லி வகை) மிட்டாய்களைச் சோதித்த 2023ஆம் ஆண்டு ஆய்வில் 22 மிட்டாய்களின் லேபிள் அளவு தவறு. ஒன்றில் மெலடோனினே இல்லை. அங்கே இது மருந்தாக அன்றி உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுவதால், சந்தைக்கு வருமுன் அரசின் ஒப்புதல் தேவையில்லை. பிரிட்டனில் இதை மருத்துவர் எழுதித்தர வேண்டும். என் புட்டியில் தனி ஆய்வகம் எதுவும் சோதித்ததற்கான முத்திரை இல்லை.

'வேறு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்கவும்' என்ற வரி, அடிப்பகுதியில் பொடி எழுத்தில் இருக்கிறது. இரத்த அழுத்த மாத்திரை எடுக்கும் நான் அதைப் பத்தாம் நாள்தான் படித்தேன்; அன்றே நிறுத்தினேன். அந்த வரி விரித்துச் சொல்லியிருக்க வேண்டியவை பல. வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்துடன் சேர்ந்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடலாம். மனநல மருந்தான ஃப்ளூவாக்ஸமைன், கல்லீரல் மெலடோனினைச் சிதைப்பதைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவைப் பன்மடங்கு உயர்த்திவிடும். கருத்தடை மாத்திரையும் அந்த அளவைக் கூட்டும். வலிப்பு, சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்களும், உறுப்பு மாற்றத்துக்குப் பின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்களும் தாமாகத் தொடங்கக் கூடாது. கருவுற்ற, பாலூட்டும் பெண்களைப் பற்றிப் போதிய ஆய்வு இல்லை. மதுவுடன் சேர்க்கக் கூடாது. எடுத்தபின் ஐந்து மணி நேரமாவது வண்டி ஓட்டக் கூடாது.

ஸ்ட்ராபெரி மணம் வீசும் இம்மாத்திரைக்குச் சாதாரணத் திருகு மூடியே போட்டிருக்கிறார்கள். குழந்தைகள் மெலடோனினை விழுங்கியதாக அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களுக்கு வந்த அழைப்புகள், 2012 முதல் 2021 வரை 530 விழுக்காடு உயர்ந்த பிறகும் இந்த மூடிதான். உறக்கத்துக்கு இரண்டு நட்சத்திரம், லேபிளுக்கு ஒன்று, மூடிக்கு ஒன்றுமில்லை. மீதி மாத்திரைகள் பூட்டிய அலமாரியில் இருக்கின்றன, அடுத்த முறை மருத்துவரிடம் புட்டியோடு போவதற்காக.