டெஸ்டர் ‘பீப்’ அடித்ததென்று வைரத்தோடு வாங்கிவிடாதீர்கள்

கல்யாணத்துக்கு வைரத்தோடு எடுக்கப் போகிறவர்கள், அதிலும் வீட்டுக்கே வந்து காட்டும் வியாபாரியிடம் எடுக்கப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

எங்கள் மகளுக்கு ஏழு கல் தோடு வாங்கினோம். சொந்தக்காரர் மூலம் அறிமுகமான வியாபாரி. பேனா மாதிரி இருக்கும் டெஸ்டரின் முனையைப் பதினான்கு கல்லிலும் வைத்துக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் விளக்கு எரிந்து ‘பீப்’ என்றது. “கண்ணாலயே பாத்துட்டீங்களேம்மா, இதுக்கு மேல சர்ட்டிபிகேட் எதுக்கு?” என்றார். அப்புறம் திருகாணி தளர்ந்ததென்று வேறொரு நகைக்கடைக்குக் கொண்டுபோனபோது, அங்கே கல் பார்க்கும் பெரியவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். தோட்டைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்துவிட்டு, “இது வைரம் இல்லம்மா, மாய்ஸனைட்” என்றார். ரத்தினப் பரிசோதனைக் கூடத்திலும் அதையே எழுதிக் கொடுத்தார்கள். பதினான்கு கல்லும் அதுதான்.

டெஸ்டர் எப்படி ஏமாந்தது என்று அந்தப் பெரியவரே பொறுமையாக விளக்கினார். அந்தக் கருவி பார்ப்பது கல் வெப்பத்தை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதை மட்டும். நாம் அமெரிக்கன் டைமண்ட் என்று சொல்லும் சிர்கோனியா வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது, அதனால் உடனே மாட்டிக்கொள்ளும். மாய்ஸனைட் என்பது சிலிக்கன் கார்பைடு. வைரத்தைப் போலவே நன்றாக வெப்பம் கடத்தும். ஆகவே இந்த ஒரு சோதனையில் இரண்டுக்கும் ஒரே ‘பீப்’தான். வாயால் ஊதி ஆவி உடனே மறைகிறதா என்று பார்க்கும் பழைய வழியும் இதே காரணத்தால் உதவாது. கண்ணாடியில் கீறிப் பார்ப்பதும் வீண். கடினத்தன்மையைக் காட்டும் மோஸ் அளவில் வைரம் 10, மாய்ஸனைட் 9.25. இரண்டுமே கீறும்.

வித்தியாசம் தெரிவது ஒளியில். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42, மாய்ஸனைட்டுக்கு 2.65-க்கு மேல். வெள்ளை ஒளியை வானவில் நிறங்களாகப் பிரிப்பதில் வைரத்தின் அளவு 0.044, மாய்ஸனைட்டின் அளவு 0.104, அதாவது இரண்டு மடங்குக்கும் அதிகம். வெயிலில் அந்தத் தோடு சிவப்பும் பச்சையுமாக வாரி இறைத்ததைப் பார்த்து ‘என்ன ஒரு டால்!’ என்று வீடே பூரித்தது. அந்த அதிகப்படியான நிற ஜொலிப்பைத்தான் சந்தேகப்பட வேண்டுமாம்.

இன்னும் உறுதியான அடையாளம் இரட்டைக் கோடு. வைரத்துக்குள் போகும் ஒளி ஒரே கதிராகவே போகும். மாய்ஸனைட்டில் அது இரண்டாகப் பிரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் அடிப்பக்கத்துப் பட்டைகளின் விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரியும். ஆனால் நேர் மேலிருந்து பார்த்தால் பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் அந்தத் திசையில் ஒளி பிரியாதபடிதான் கல்லை வெட்டுகிறார்கள். சாய்த்து, பக்கவாட்டுப் பட்டை வழியாகப் பார்க்க வேண்டும். பெரியவர் தோட்டைச் சாய்த்தது அதற்குத்தான்.

பதிக்காத கல்லென்றால் ஒப்படர்த்தியே, அதாவது அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பதே, சொல்லிவிடும். வைரம் 3.52, மாய்ஸனைட் 3.22. பரிசோதனைக் கூடத்தில் மெத்திலீன் அயோடைடு திரவத்தில் போட்டால் வைரம் மூழ்கும், மாய்ஸனைட் மிதக்கும். நம் ஊர்த் தோடுகளில் க்ளோஸ் செட்டிங்தான் அதிகம், பின்பக்கம் தங்கத்தால் மூடியிருக்கும். கல்லைக் கழற்றாமல் எடை பார்க்க வழியில்லை. பதிப்பதற்கு முன்பே கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற வியாபாரியிடம் வாங்கவே வேண்டாம். இயற்கை வைரமா, ஆய்வகத்தில் வளர்த்த வைரமா என்பதையும் சான்றிதழில் எழுதி வாங்குங்கள். அந்த இரண்டுக்கும் இந்தக் குணங்கள் எல்லாமே ஒன்றுதான், லென்ஸாலும் பிரிக்க முடியாது.

ஹால்மார்க் இருக்கிறதே என்று நாங்களும் தைரியமாக இருந்தோம். அந்த முத்திரையும், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் ஆறு எழுத்து ஹெச்யுஐடி அடையாள எண்ணும் தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே பொறுப்பு. கல்லைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

மாய்ஸனைட் கெட்ட கல் இல்லை. அதன் பெயரைச் சொல்லி, அதன் விலைக்கு விற்றால் யாருக்கும் குறை இருக்காது. எங்களிடம் வைரத்தின் விலையை வாங்கிக்கொண்டு பில்லில் ‘கல் வைத்த தோடு’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். திருப்பிக் கேட்டதற்கு, “பில்லுல வைரம்னு எங்கயாவது போட்டிருக்கா?” என்கிறார். அதனால் பில்லில் கல்லின் பெயர், கேரட் எடை, தரம், தனியாகக் கல்லின் விலை எல்லாம் இருக்க வேண்டும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டோம். பரிசோதனை அறிக்கையும் பேரம் பேசிய வாட்ஸ்அப் செய்திகளும் கையில் இருக்கின்றன. அவற்றில் ‘வைரம்’ என்று அவரே எழுதியிருக்கிறார். அதை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம்.