நூலா, ஃபில்லரா? மூன்று வருடங்களுக்குப் பிறகு

46 வயதில் என் முகம் மாற ஆரம்பித்தது. மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் கோடு ஆழமாகிவிட்டது, தாடை ஓரத்தில் சதை தொங்கியது. முதலில் த்ரெட் லிஃப்ட், அதாவது தோலுக்கு அடியில் நூல் போட்டுச் சதையைத் தூக்குவது, செய்துகொண்டேன். ஒரு வருடம் கழித்து ஃபில்லர், அதாவது குழியை நிரப்ப ஊசி வழியாக ஜெல் போடுவது. இந்த வரிசையே தப்பு என்று பின்னால்தான் புரிந்தது.

நூலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது தானாகக் கரைந்துவிடும் என்பதுதான். எனக்குப் போட்டது பிடிஓ (பாலிடையாக்சனோன்) நூல். அறுவை சிகிச்சையில் தையல் போடுகிற அதே பொருள், ஆனால் சின்னச் சின்ன முட்களோடு. அந்த முட்கள் தோலுக்கு அடியில் திசுவைக் கவ்விக்கொள்ள, நூலை இழுத்தால் சதை மேலே ஏறும். மரத்துப்போக ஊசி போட்டதால் வலி இல்லை. ஆனால் இழுக்கும்போது காதோரம் நறநறவென்று ஒரு சத்தம் கேட்டதே, அது இன்னும் நினைவில் இருக்கிறது.

அடுத்த மூன்று வாரமும் மல்லாந்துதான் படுத்தேன். கொட்டாவி வந்தால் கையால் தாடையைப் பிடித்துக்கொள்வேன். சிரித்தால் வலது கன்னத்தில் ஒரு பள்ளம் விழுந்தது, அது தட்டையாக ஒரு மாதம் ஆனது. பிடிஓ கரைய ஆறு மாதம் போல ஆகும், அதைச் சுற்றி உருவாகும் கொலாஜன் (தோலுக்கு உறுதி தரும் புரதம்) இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்றார்கள். எட்டாவது மாதம் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

அப்புறம் வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் என்னைப் படுக்கவைத்து, கையில் கண்ணாடியைக் கொடுத்தார். படுத்ததும் தாடைத் தொங்கல் காணாமல் போய்விட்டது. கன்னக் குழி மட்டும் அப்படியே இருந்தது. “படுத்தால் மறைவது தொங்கல், மறையாதது குழி. குழியை நூலால் நிரப்ப முடியாது” என்றார். நூல் போட்ட இடத்தில் இதை யாருமே பார்க்கவில்லை, அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

இரண்டு கன்னங்களிலும் சேர்த்து 2 மில்லி ஹயலுரானிக் அமில ஃபில்லர், முனை மழுங்கிய மெல்லிய குழாயான கேனுலா வழியாகப் போட்டார். நான்கைந்து நாள் வீக்கம், ஒரு பக்கம் கன்றிப்போனது, அவ்வளவுதான். கன்னம் நிரம்பியதும் வாயோரக் கோடும் தானாக மென்மையானது. 14 மாதம் நன்றாக இருந்தது. அடுத்த முறை 1 மில்லியே போதுமானது.

ஆனால் ஃபில்லரை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் செத்துப்போகலாம், அரிதாகக் கண் பார்வையே போகலாம். தோல் வெளுப்பது, வலை போல நிறம் மாறுவது, வலி கூடிக்கொண்டே போவது, பார்வை மங்குவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஹயலுரானிக் அமிலத்தை ஹயலுரானிடேஸ் ஊசியால் கரைக்க முடியும், கால்சியம் வகை ஃபில்லரை அப்படிக் கரைக்க முடியாது. அதனால் அந்த ஊசி கைவசம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். புருவ நடுவிலும் கொஞ்சம் போடச் சொன்னதற்கு, அங்கே ஆபத்து அதிகம் என்று அவர் மறுத்துவிட்டார். அதன் பிறகுதான் அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது.

தாடைத் தொங்கல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதை ஃபில்லரால் மறைக்கப் போனால் முகம் உப்பிப்போகும், நிலைத்து நிற்கிற மாதிரி தூக்க அறுவை சிகிச்சைதான் வழி என்று நேராகவே சொல்லிவிட்டார். அதற்கு நான் இன்னும் தயாராகவில்லை. நூல் மட்டும் மறுபடி வேண்டாம்.